காலி நாற்காலி கூடாது

"தெங் எத்தனை நாற்காலி கேட்டான்னு மட்டும் சொல்லுங்க அக்கா. எனக்கு அதுக்கு மேல வேணும்."

ஊர்த் தலைவர் சூ, கிடங்கு வாசலில் நின்றபடி வாயிலிருந்த பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். கல்யாணமோ, கோவில் விருந்தோ, கருமாதியோ, அந்தக் கடலோர ஊரில் வாடகைக்கு நாற்காலி என்றால் லாய் யூயிங்கிடம்தான் வர வேண்டும். யுன்லின் மாவட்டத்துப் பக்கம் ஊர்த் தலைவர் தேர்தலுக்கும் அப்படித்தான். மனுத் தாக்கல் முடிவதற்குள்ளேயே ஆளுக்கொரு கூட்டம் போட்டுப் பலத்தைக் காட்டிவிடுவார்கள். மேடையில் என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை நாற்காலி நிரம்பியது என்றுதான் கேட்பார்கள்.

"ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர்கிட்ட சொன்னா நான் தொழில் பண்ண முடியுமா தலைவரே?" என்றாள் யூயிங். "ஆனா உங்க கூட்டத்துல ஒரு நாற்காலிகூட காலியா இருக்காது. அது என் பொறுப்பு."

அவள் பொறுப்பு என்றால் கவலையே இல்லை. வரிசைக்கு வரிசை முழங்கால் இடிக்காதபடி இடம் விட்டு, நடுவில் அகலமாக வழி விட்டுப் போட்டுவிடுவாள். பாதிக் கூட்டம் வந்தாலும் போட்டோவில் கோவில் வாசல் நிரம்பி வழியும்.

சூ கிளம்பும்போது, "எங்க சந்துச் சாக்கடை என்னாச்சு?" என்று கேட்டாள்.

அடுத்த மழைக்குள் முடித்துவிடுவதாகச் சொல்லிச் சிரித்தார் சூ. போன தேர்தலிலும் அவர் சொன்னது இதே அடுத்த மழைதான். அதற்குப் பிறகு எத்தனையோ மழை வந்து போய்விட்டது. புயல் அடித்தால் அந்தச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு சந்துக்குள் பாயும். போன வருஷம் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. பக்கத்து வீட்டு நிறைமாதப் பெண்ணை யூயிங்கின் நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, நாலு பேர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து வானம் கறுத்தாலே யூயிங்குக்குக் கோபம் வரும்.

மறுநாள்தான், சூவை எதிர்த்து நிற்கும் வாத்துக்கறிக் கடை தெங் முதல்முறையாக வந்தான். சூவை விட அதிகமாக நாற்காலி கேட்டான். யூயிங் அதே பொறுப்பை ஏற்றாள், அதே கேள்வியைக் கேட்டாள். முதலில் தன்னை ஜெயிக்க வையுங்கள், சாக்கடை எங்கே ஓடிவிடப் போகிறது என்று தெங் கேலி செய்தான். சாக்கடை ஓடாததுதான் பிரச்சினை என்று அவனுக்குப் புரியவில்லை.

அன்று மாலையே யூயிங் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் கடைப் பெயராக அவள் பெயர் ஏற்கெனவே சின்னதாக இருந்தது. இப்போது அதை அழித்துவிட்டு, முதுகு நிறையப் பெயரும் அதன் கீழே போன் நம்பரும் எழுதச் சொன்னாள்.

"கண்ணு தெரியாதவன்கூட படிச்சிடுவான் போலிருக்கே, எதுக்கு இவ்வளவு பெருசு?" என்று புலம்பிக்கொண்டே எழுதினார் அவள் கணவர் ஆ-ஹோ. அவருக்கு வேறொரு பயமும் இருந்தது. ரெண்டு பேருக்கும் நாற்காலி போகிறது, தோற்கிறவன் நம் மேல் பாய மாட்டானா என்று கேட்டார்.

"யார் தோத்தாலும் நாற்காலி நம்ம வீட்டுக்குத்தான் திரும்பி வரும். நீங்க எழுதுங்க."

சனிக்கிழமை சூவின் கூட்டம். கோவில் வாசலில் வரிசை வரிசையாகப் போட்ட நாற்காலிகளைப் பார்த்துப் பூரித்தவர், முதுகைப் பார்த்ததும் முகம் சுளித்தார். என் கூட்டத்தில் உங்கள் பெயர் எதற்கு, துணி போட்டு மூடுங்கள் என்றார்.

"மூடிடலாம் தலைவரே. ஆனா பேர் தெரியலைன்னா கூட்டம் முடிஞ்சதும் பாதி நாற்காலியை ஆளாளுக்கு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, தொலைஞ்சதுக்கு நீங்க காசு குடுப்பீங்களா?"

துணி எடுக்கப் போன ஆளைச் சூ திரும்பக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை தெங்கும் இதையே கேட்டான், இதே பதிலை வாங்கிக்கொண்டான்.

இரண்டு கூட்டமும் அமோகம். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. ஊரே இரண்டு நாளும் வந்து உட்கார்ந்தது. அரிசி சேமியா சூப்பைக் குடித்துக்கொண்டு, முடிவே இல்லாத பேச்சைக் கேட்க முடியாமல், வேறு வழியின்றி முன்னால் இருந்த நாற்காலி முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. சூவும் தெங்கும் மனம் குளிர்ந்து, பேரம் பேசாமல் வாடகையைக் கொடுத்தார்கள்.

மனுத் தாக்கலின் கடைசி நாள், மூன்றாவதாக ஒருவரும் முளைக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள இருவரும் நகர அலுவலகத்துக்கு வந்தார்கள். அங்கே கவுன்ட்டர் முன்னால் யூயிங் நின்றுகொண்டிருந்தாள்.

சூ திடுக்கிட்டார். "நான் வாடகை குடுத்துட்டேனே அக்கா?"

தெங்கும் அவசரமாகத் தானும் கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

"ரெண்டு பேர் வாடகையும் வந்துடுச்சு," என்றாள் யூயிங். "அதைத்தான் இப்ப டெபாசிட்டா கட்டினேன்."

ரசீது எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலை நிமிராமல், "வேட்பாளர் பேரு?" என்று கேட்டார். யூயிங் வாயைத் திறப்பதற்குள், பெஞ்சில் தங்கள் வேலைக்காகக் காத்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் அவள் பெயரைச் சொன்னார்கள், போன் நம்பரோடு.