நான்கு காலில் தேவானந்தம்

காட்டுக் கேமராவின் முதல் படம் திரையில் விழுந்ததும், கூட்டத்துக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் பலமனேர் தக்காளி மண்டி வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார்கள்.

படத்தில் தேவானந்தம், நான்கு காலில்.

"ஐயே, இந்தச் சிறுத்தை பேண்ட் போட்டுகினு கீது!" என்றாள் ஆடு மேய்க்கும் ரத்னம்மா.

தேவானந்தம் அசரவில்லை. மரத்தில் கேமராவைக் கட்டியதும் யாராவது மிருகம் மாதிரி அதன் முன்னால் தவழ வேண்டும். அப்போதுதான் உயரம் சரியா என்று தெரியும். அதற்கு ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டரை விட்டால் வேறு யார்? யாரும் கேட்காமலே உறுமியும் காட்டியிருந்தார்.

வனத்துறை, பசுமைச் சங்கம், ஊர் என மூன்று தரப்பும் சேர்ந்துதான் அந்தக் குன்றுக்காட்டைப் பார்த்துக்கொள்கின்றன. இன்று ஒரு சிறுத்தைப் படம் தேறினால் ஒப்பந்தம் தொடரும். இல்லையென்றால் சங்கம் மூட்டை கட்டிவிடும். காடு எரிந்தால் அணைக்க ஆளிருக்காது.

சங்கத்தை இங்கே இழுத்து வந்ததே தேவானந்தத்தின் வாய்தான். குன்றில் அவர் பார்த்த சிறுத்தை, ஜெபக் கூட்டத்தில் கன்றுக்குட்டி அளவு இருந்தது. டீக்கடையில் எருமையானது. சங்கத்துப் பெண் பவ்யாவிடம் சொன்னபோது டெம்போவில்கூட அதற்கு இடம் போதவில்லை.

அடுத்த படம், மயில். அப்புறம் முயல். அப்புறம், மேய்ச்சல் கூடாத இடத்தில் ரத்னம்மாவின் ஆடு. ரத்னம்மாவின் சிரிப்பு அதோடு நின்றது.

வனக்காவலர் கோவர்த்தனன் கொட்டாவி விட்டார்.

தேவானந்தத்தின் மனைவி கிரேஸ் அவர் காதருகே குனிந்தாள். "மெய்யாலுமே பாத்தீங்களா, இல்ல..."

"பாத்தேன்டி. அதுவும் என்னிய பாத்துச்சு."

கடைசிப் படம்.

தேவானந்தம் தவழ்ந்த அதே இடம். தொலைந்துபோனதென்று அவர் வீடெல்லாம் தேடிய சிவப்புத் துண்டு. அதன் மேல், சொந்தக் கட்டில் மாதிரி காலை நீட்டிப் படுத்திருந்தது சிறுத்தை.

கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. பவ்யா கோவர்த்தனனின் கையைப் பிடித்துக் குதித்தாள். ரத்னம்மா விசிலடித்தாள். "கண்டக்டர் சார் அப்பவே சொன்னாரே!" என்று நாலு பேர் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

தேவானந்தம் மட்டும் அங்கிருந்து எட்டி எட்டித் திரையையே பார்த்தார்.

சிறுத்தைக்கு இத்தனை நீள வால் உண்டு என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.