தாழ் போட்ட மொட்டு

ஆற்றங்கரைச் செடி ஒன்றில் ஒரு மொட்டு இருந்தது. அதன் வம்சத்தில் ஒரு காலத்தில் எல்லாருமே அகல விரிந்த பூக்கள்தான். ஒரு வறட்சியில் தேனீக்கள் வராமல் போகவே, தங்கள் மகரந்தத்தைத் தாங்களே பூசிக்கொண்டு விதை கட்டினார்கள். அதுவே பழகிப்போனது. தலைமுறைக்குத் தலைமுறை இதழ் சிறுத்தது, வாசம் போனது, கடைசியில் திறப்பதையே விட்டுவிட்டார்கள்.

அன்று காலை யாரோ இதழைத் தட்டினார்கள்.

"உள்ளே யாரும்மா? அக்கரையிலிருந்து வர்றேன். கால் நிறைய மகரந்தம் இருக்கு, கொஞ்சம் திற," என்றது ஒரு தேனீ.

மொட்டு திறக்காமலே சொன்னது: "எங்களுக்கு வெளியாள் பழக்கமில்லை. போயிடு."

"போறேன். ஆனா உன் பக்கத்துச் செடி கருகிக் கிடக்கு. அதுக்கு அடுத்ததும் அப்படித்தான். அக்கரையிலயும் இந்த நோய் வந்துது. அங்க ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை, அதனால பாதிச் செடி பிழைச்சுது."

மொட்டு எண்ணிப் பார்த்தது. பக்கத்துச் செடியும் தன் செடியும் அச்சு அசல் ஒன்று. அதைத் தின்றது தன்னை விடுமா? தண்டின் அடியில் விடிந்ததிலிருந்தே ஏதோ அரித்துக்கொண்டிருந்தது.

"இரு, திறக்கிறேன்."

பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளியது. எதுவும் பிரியவில்லை. மறுபடி தள்ளியது.

"நீயும் வெளியிலிருந்து இழு," என்று கெஞ்சியது.

தேனீ மொட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "எங்க பிடிச்சு இழுக்கிறது? விளிம்பே இல்லையே உனக்கு," என்றது.

அரிப்பு காம்புக்கு வந்துவிட்டது.