ஆற்றுவாயில் ஒரு வலை

கடலில் ஓதம் ஏறுகிறது. உரித்த மாட்டுத்தோல் மிதப்பதுபோலக் கறுப்புத் தார்க்கட்டிகள் அதோடு ஆற்றுவாய்க்கு வருகின்றன. எந்தக் கப்பல் கக்கியதென்று பிரேசில் கரை நெடுக ஒருவருக்கும் தெரியவில்லை. இடுப்பளவு நீரில் நின்று எடிலெயுசா கரையைப் பார்த்து வரச்சொல்லிக் கையை ஆட்டுகிறாள். ஆற்றுக்கு உள்ளே அலையாத்திக் காட்டுச் சேறு. அவள் சிப்பி பொறுக்கி விற்று வீட்டில் அடுப்பெரிய வைக்கிற சேறு. புருஷன் ஜெனிவால் தோளில் வலையோடு கரையிலேயே நிற்கிறான். வீட்டுக்கு இருப்பது அந்த ஒரு வலைதான். “தார் பட்டா இது செத்துச்சு புள்ள. அப்புறம் எதை வச்சு மீன் பிடிக்க?” “சேத்துல தார் ஏறிட்டா மீனு எங்கேய்யா குஞ்சு பொரிக்கும், உங்கம்மா அண்டாவுலயா? இறங்குய்யா!” பக்கத்துப் படகிலிருந்து கூட்டாளி பியூ சிரிக்கிறான்: “அண்ணி அதட்டினா ஓதமே பின்வாங்கும், நீ என்னடா நிக்கிற?” ஜெனிவால் இறங்குகிறான். தாரை மறிக்க ஆற்றுவாய்க்குக் குறுக்கே இருவரும் இழுத்துப் பிடித்த வலை புடைக்கிறது, முதல் கட்டி வந்து அப்பிக்கொள்கிறது, கயிறு உள்ளங்கையை அறுக்கிறது. மிதவையருகே ஒரு மடவை மீன் சிக்கித் துள்ளுகிறது. பழக்கதோஷத்தில் அவன் கை அதை எடுத்துவிடுகிறது. செவுளைச் சட்டையால் துடைக்கிறான். துடைக்கத் துடைக்கக் கறுப்பு பரவுகிறது. பிறகு வலைக்கு மேலாகக் கையை நீட்டி, ஆற்றுப் பக்கமாக மெல்ல நழுவ விடுகிறான். பிடித்த மீனை அவன் விட்டு எடிலெயுசா பார்த்ததே இல்லை. அடுத்த கட்டி வருகிறது. கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொள்கிறாள்.