கழுத்துப் பட்டை

துப்பாக்கிக்குத் தடை வரவில்லை. டெக்சாஸ் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்துக்குப் பட்டைதான் வந்தது. வேட்டுச் சத்தம் கேட்டால் அது குரலை அடைத்துவிடும். ஒளிந்திருக்கும் பிள்ளை அழுது, சுட வந்தவனிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதாம்.

தீபாவளிக் காலையில் இளம்பரிதி தோட்டத்தில் ஒரு லட்சுமி வெடியைப் பற்றவைத்தான். மகளின் பட்டையை அவன் மறந்தே போயிருந்தான்.

உள்ளேயிருந்து மனைவி கத்தினாள். "என்னங்க, பிள்ளைங்க ரெண்டு பேரையும் காணோம்!"

வீடு முழுக்கத் தேடி, கடைசியில் துணி அலமாரியைத் திறந்தார்கள். ஏழு வயது மகிழினி வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள், சத்தமே இல்லை. மடியில் கைக்குழந்தைத் தம்பி. அவனுக்கு இன்னும் பட்டை கிடையாது. அவன் வாயையும் மூக்கையும் சேர்த்து அவள் இறுக்கிப் பொத்தியிருந்தாள்.

"வெடிதான்டா தங்கம், அப்பாதான் வெச்சேன். கைய எடு."

எடுக்கவில்லை. அம்மா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குழந்தை அப்போதும் அழவில்லை.