வெள்ளிக்கிழமை மழை

“மையவாடி மழைமானியத் தூக்கிக் கடாசு. விமான நிலையக் கணக்க வெச்சே வடிகாலப் போட்டுட்டுப் போவோம்,” என்றார் மேலதிகாரி மொன்ஸிஃப்.

வடிகால் திட்டப் பொறியாளர் விதாத் மலைக் கணக்கை மறுபடி விரித்தாள்.

மலையில் எவ்வளவு மழை பெய்யும் என்று தெரிந்தால்தான் கீழே ஊருக்குள் வடிகால் எவ்வளவு அகலம் என்று முடிவு செய்ய முடியும். மலையில் இருப்பதோ ஒரே ஒரு மழைமானி. ஊர் இடுகாடான மையவாடியின் ஓரத்தில், கம்பத்தின் மேல் வெள்ளைக் குவளை மாதிரி நிற்கும். விழும் மழையைத் தானே அளந்து அலுவலகத்துக்கு அனுப்பிவிடும்.

அது அனுப்பிய கணக்கு சிரிப்பாய்ச் சிரித்தது. தார் உருகும் ஆகஸ்டில், வெள்ளிக்கிழமை தோறும் காலையில் ஐந்து மில்லிமீட்டர் மழை. மற்ற நாட்களில் ஒரு சொட்டு கிடையாது.

“மேகமும் ஜும்ஆ தொழுகைக்கு வருது போல,” என்று அலுவலகமே கேலி செய்தது.

கேலி செய்ய முடியாத எண் ஒன்றும் அதில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஓர் அக்டோபர் பிற்பகலில் மட்டும் நூற்று எண்பது மில்லிமீட்டர். அது நிஜம் என்றால், வரைந்து வைத்திருக்கும் குழாய் எந்த மூலைக்கு? அப்படி ஒரு மேகம் ஊர்ப்பக்கம் சாய்ந்தால் ஓடைத் தெரு மொத்தமும் மூழ்கிவிடும். ஆனால் அன்றைக்குக் கீழே விமான நிலையத்தில் நல்ல வெயில்.

“அந்த நாளுக்கு அப்புறம்தானே வெள்ளிக்கிழமை மழையும் ஆரம்பம்? அன்னிக்குப் பிடிச்ச கிறுக்கு,” என்றார் மொன்ஸிஃப்.

கருவியைச் சோதித்துப் பார்த்தார்கள். பழுது இல்லை. அப்படியானால் மனிதர் வேலைதான். அந்த அக்டோபருக்குப் பிறகு வேலைக்கு வந்த மையவாடிக் காவலர் பெஷீர்தான் மழைமானியையும் பார்த்துக்கொள்கிறார். மழையே இல்லை என்று மழைமானியை மூடித் தன் கூலியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, அவரே தண்ணீர் ஊற்றுகிறார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். விதாத்தும் அப்படித்தான் நினைத்தாள்.

திங்கட்கிழமை அறிக்கை தலைநகர் துனிஸுக்குப் போக வேண்டும். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை காலையிலேயே மலைக்குப் போனாள்.

பெஷீர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நேராகவே கேட்டுவிட்டாள். அவர் கோபப்படாமல் உள்ளே கையைக் காட்டினார். 

பெண்கள் சிலர், கபர் எனும் கல்லறைகளின் தலைமாட்டுக் குழிகளில் பறவைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நன்மை இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும். ஒருத்தி மட்டும் ஓரமாகப் போய், பிய்ந்த கம்பிவேலிக்குள் கையை விட்டு, மழைமானியில் ஊற்றினாள்.

விதாத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

“அம்மா, அது தண்ணி வைக்கற பாத்திரம் இல்ல. எங்க கணக்கே கெட்டுப் போச்சு உங்களால. உங்க வீட்டு ஆளோட கபர்ல ஊத்துங்க.”

மப்ரூகா என்ற அந்தப் பெண் பாட்டிலை இறக்கினாள்.

“எம் மகனுக்குத்தான் கபரே இல்லையே, பொண்ணே. இது யாருக்கும் இல்லாம தனியா நின்னுச்சு. அவனுக்குன்னு நான் எடுத்துக்கிட்டேன். ஊத்தின கொஞ்ச நேரத்துல தீந்துடுது. பாவம், பறவைங்க எவ்ளோ தாகத்தோட வருதுங்கன்னு நினைச்சுக்குவேன்.”

விதாத்தின் கோபம் போன இடம் தெரியவில்லை. மகனுக்கு என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டாள்.

மலைக்குப் பின்பக்கம் ஆடு மேய்க்கப் போனவன். திடீரென்று கொட்டிய மழையில் பின்பக்க ஓடை அவனைக் கடலுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஊருக்குள் ஒரு சொட்டு வரவில்லை. உடல் கிடைக்கவில்லை.

“படகேறி இத்தாலிக்கு ஓடிட்டான்னு ஊரே சொல்லுது. போலீஸ்லயும் அப்படித்தான் சொல்லி அனுப்பிட்டாங்க. மலைக்குப் பின்னாடி கறுத்துக் கொட்டினத என் கண்ணால பாத்தேன். அன்னிக்கு ஏது மழை, வெயில்தானே அடிச்சுதுன்னு என்னையப் பைத்தியம் மாதிரி பாக்கறாங்க. என் ரம்ஸி எங்கிட்ட சொல்லாமப் போறவன் இல்லம்மா.”

“என்னிக்கு?”

மப்ரூகா நாளைச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன், நூற்று எண்பது மில்லிமீட்டர் பதிவான அதே அக்டோபர் நாள். விதாத் அந்த ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு மழை பெஞ்சுதும்மா. நிஜமாவே பெஞ்சுது. இந்த ஊர்ல அதுக்கு சாட்சி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு நீங்க. இன்னொண்ணு, உங்க மகனுக்குன்னு தண்ணி ஊத்தறீங்களே, இதுதான்.”