கூடுதலாக நாலு

"பதினாலா? மறுபடியும் பதினாலா?" ஆய்வகத் தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது. "பத்துப் போடச் சொன்னா பதினாலு போடுறே! எண்ணத் தெரியாதா உனக்கு?"

"பத்துதான் சார் போட்டேன். மைக்ராஸ்கோப்புல பார்த்துப் பார்த்துப் போட்டேன்" என்று கையைப் பிசைந்தார் உதவியாளர்.

ரத்தத்தில் ஒளிந்திருக்கும் புற்றுநோய் செல்களை நானோ துகள்களால் பிடித்து எண்ணிச் சொல்லும் கருவி அது. ஆரோக்கியமான ரத்தத்தில், ஆய்வகத்தில் வளர்த்த புற்றுநோய் செல்கள் பத்தைக் கலந்து சோதிப்பார்கள். பத்தும் சிக்கினால் பாஸ். இதுவோ பிடிவாதமாக நாலைக் கூட்டியே காட்டியது. நாளைக்குப் பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள். இத்தனை வருட உழைப்பு கடைசி நேரத்தில் கழுத்தை அறுக்கிறதே என்று தலைவர் புலம்பினார்.

சோதனைக்கு ரத்தம் தருவது தலைவரின் மனைவி. தலைவலி மாத்திரைகூட விழுங்காத உடம்பு என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

"கொஞ்ச நாளா ஒரே அசதிங்க. நாளைக்கு வேற யார்கிட்டயாவது எடுத்துக்கலாமே?" முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி கேட்டாள்.

"நீ வேற நேரங்காலம் தெரியாம படுத்தாதே!"

போன வாரம் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது வாட்ச்மேன்தான் கை நீட்டினார். அன்றைக்குப் பத்து பத்தாகவே வந்தது. "நான் பக்கத்துல நின்னேன், அதான் ஒழுங்கா எண்ணினே" என்று அதற்கும் உதவியாளர்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"போதும்ப்பா. இனிமே உன் கை இதுமேல படக்கூடாது. வீட்டுக்குப் போ."

உதவியாளர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பையை எடுக்கப் போனார். பதினோரு வருடம் வேலை பார்த்த இடம். கண் கலங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

மேசையில் அதே ரத்தத்தோடு மிச்சமிருந்த இன்னொரு குழாயைத் தலைவரே கருவிக்குள் வைத்தார். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் திரையில் எண்ணைக் காட்டியது.

நாலு.

தலைவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இங்க வந்து பாருய்யா உன் லட்சணத்தை! அதுல பதினாலு, இதுல வெறும் நாலு! பத்துன்னா எவ்வளவுன்னு யாராவது இவருக்குச் சொல்லிக் குடுங்கப்பா!"

என்னவோ ஏதோவென்று மனைவியும் எழுந்து வந்தாள்.

உதவியாளர் திரையைப் பார்த்தார். பதில் சொல்ல வாயெடுத்தவர், பக்கத்தில் அவள் நிற்பதைக் கண்டு தயங்கினார். முகம் வெளுத்துவிட்டது.

"சார்... இந்தக் குழாய்ல நான் இன்னும் ஒண்ணுமே போடலையே!"