ஈரம் குடித்த பொடி

இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கண் கைபேசியில்தான் இருக்கிறது, கைவேலையில் இல்லை. கானா நாட்டுக் குமாசியில் மழை ஊற்றுகிறது. நான் உலையில் சுட்டு உலர்த்திக் கொடுத்த வெள்ளைப் பொடி ஆய்வுக்கூட மேசையில் திறந்து கிடக்கிறது. அதன் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் இரண்டு ரசாயன மருந்துகள் புகுந்து ஒன்றாகச் சேர வேண்டுமாம்; சேர்ந்தால்தான் ஆய்வு மாணவி செர்வாவுக்குப் பட்டம். ஏழாவது முறையும் சேரவில்லை. “உங்க உலை சரியா சூடாகல மாமா,” என்கிறாள். “துளை பூரா மழை ஈரம் உக்காந்திருக்கு. உன் மருந்து எங்கம்மா நுழையும்?” என்கிறேன். “அஞ்சு நிமிஷம் தொறந்து வெச்சா குடிமுழுகிடுமா?” பொடியைத் தராசில் வைக்கிறேன். யாரும் தொடாமலே எண் ஏறிக்கொண்டே போகிறது. “தராசும் பழசு,” என்கிறாள். “இன்னொரு தடவ சுட்டுக் குடுங்க மாமா. இந்தத் தடவ மூடிடுவேன், சத்தியமா.” கைபேசி ஒளிர்கிறது, கண் அங்கே போகிறது. கிண்ணத்தை எடுத்து, இந்த முறை நானே மூட, மூடியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உலைப்பக்கம் நடக்கிறேன்.